எதிரணிப் பாட்டு

"எங்கடி அவ? காணவே காணோம்!"

ஆர்வில் பைனாகுலரைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

கெஸ்லர் பல்கலைக்கழகத்துக்கும் வின்ட்ரோவுக்கும் வருஷா வருஷம் நடக்கும் ஃபுட்பால் ஆட்டம். மகள் மார்லிஸ், கெஸ்லர் பேண்டு குழுவில் டிரம்பெட் வாசிப்பவள். அவளுக்கு இது கடைசி வருஷம், கடைசி ஆட்டம். அதைப் பார்க்கத்தான் அயோவாவின் அந்தக் கோடியிலிருந்து நாலு மணி நேரம் காரோட்டி வந்திருந்தார்கள்.

இடைவேளையில் சிவப்புக் கோட்டுடன் கெஸ்லர் பேண்டு குழு மைதானத்தில் இறங்கியது. வரிசைக்கு வரிசை ஆள் குறைந்தது. மார்லிஸ் நிற்கவேண்டிய இடமும் காலி.

"தூங்கியிருப்பா! எல்லாம் நீ கொடுத்த செல்லம்."

"நல்லா ஊதினா உன் பொண்ணு, காணாமப் போனா என் பொண்ணா?" என்றாள் மனைவி கிரெட்டா, நாச்சோவைக் கொறித்தபடி.

அடுத்து நீலக் கோட்டுடன் வின்ட்ரோ குழு. ஒரு இடம்கூட காலியில்லை. தங்கள் பல்கலைக்கழகப் பாட்டைக் கணீரென்று வாசித்தார்கள். ஆர்வில் பைனாகுலரைக் கீழே வைத்துவிட்டார். நீலத்தை அவர் கண்கொண்டு பார்ப்பதில்லை.

"ஊ...! நிறுத்துங்கடா, காது கிழியுது!"

"நல்லாத்தானே வாசிக்கிறாங்க, ஆர்வில்?"

"அவங்க வாசிச்சா நல்லா இருக்காது. அவ்வளவுதான்."

கெஸ்லர் மூன்று புள்ளியில் ஜெயித்தது. அதுகூட அவருக்கு இனிக்கவில்லை. காரில் சாய்ந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்.

டிரம்பெட்டும் கையுமாக மார்லிஸ் ஓடி வந்தாள். உடம்பில் நீலக் கோட்டு.

ஆர்விலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னடி வேஷம் இது?"

"வின்ட்ரோ பேண்டுக்காரங்க கோட்டெல்லாம் ஏத்தின லாரி வந்துடுச்சுப்பா. ஆளுங்க வந்த ரெண்டு பஸ்ஸுல ஒண்ணு வழியில படுத்துடுச்சு. அவங்கள்லயும் கடைசி வருஷப் பிள்ளைங்க இருக்காங்கல்ல? பாதிக் குழுவோட நிக்கிறதப் பாக்க மனசு கேக்கல. நாங்க நாப்பது பேர் அந்தப் பக்கம் போயிட்டோம்."

கிரெட்டா மகளைக் கட்டிக்கொண்டாள். ஆர்விலுக்குப் பெருமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. தொண்டையைச் செருமினார்.

"சரி, ஒத்திகை இல்லாம அவங்க பாட்டை எப்படி அவ்வளவு சுத்தமா வாசிச்சீங்க?"

மார்லிஸ் சிரித்தாள்.

"நாலு வருஷமா அவங்களக் கிண்டல் பண்ண அதையே ஊதி ஊதி, அவங்களவிட எங்களுக்குத்தான்பா அது நல்லா மனப்பாடம்!"