பின்னால் மாட்டும் சீட்

“என் பொண்ணுக்குத்தான்” என்றாள் இருதயமேரி. சீட் யாருக்கு என்று சைக்கிள் கடை கலீல் கேட்கவே இல்லை.

பக்கத்தில் நின்ற தங்கை லூர்து அதைக் கவனித்தாள். காலையில் அவள் திருவெறும்பூரிலிருந்து தென்னூருக்கு வந்து இறங்கியதிலிருந்து அக்கா வாயில் இதே பேச்சுதான். என் பொண்ணுக்கு இட்லி பிடிக்காது, என் பொண்ணு வேற யார்கிட்டயும் போகமாட்டா. ஒவ்வொரு தடவையும் லூர்துவுக்கு நெஞ்சில் சுருக்கென்றது.

அக்கா கையைப் பிடித்துக்கொண்டு நின்ற குழந்தை பிலோவை ஜூன் மாதம் பேபி கிளாஸில் சேர்க்கப்போகிறார்கள். இருதயமேரி டீச்சராக இருக்கும் ஸ்கூல்தான். தினமும் சைக்கிளில் அவளே கூட்டிப்போவாள். அது பெண்கள் ஓட்டும் சைக்கிள், நடுவில் பார் கிடையாது. சீட்டை முன்னால் ஹேண்டில்பாரில் மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் கேரியரில் வைத்து முடுக்க வேண்டும்.

கலீல் இரண்டு சீட்டையும் இறக்கி வைத்தார். முன்னால் மாட்டுவது பிரம்பில் பின்னியது. அதில் குழந்தை, ஓட்டுகிறவரைப் பார்த்தபடி உட்காரும். பின்னால் மாட்டுவது இரும்புக் கம்பி. முதுகுக்குச் சாய்மானம், இடுப்புக்கு வார், சக்கரத்தில் கால் போகாமலிருக்க இரண்டு பக்கமும் தகடு.

லூர்துவுக்குப் பார்த்த உடனே பிரம்பு சீட்தான் சரி என்று பட்டது. பிலோவுக்கு வண்டி நகர்ந்தால் போதும், கண் சொருகிவிடும். கைக்குழந்தையாக முதன்முதலில் திருவெறும்பூரிலிருந்து இங்கே வந்தபோதே, பஸ் கிளம்பியதும் லூர்துவின் மடியில் தூங்கிப்போனவள். முன்னால் இருந்தால், தலை சாய்வது ஓட்டுகிறவள் கண்ணில் படும்.

அவள் அதைச் சொன்னதும் இருதயமேரி, முன்னால் கனம் இருந்தால் ஹேண்டில் திரும்பாது என்றாள். இந்த வயசுப் பிள்ளை கனமே இல்லை என்றாள் லூர்து. யார் பக்கம் பேசுவது என்று கலீல் ஒரு நிமிஷம் யோசித்தார்.

“டீச்சரம்மா சொல்றதும் சரிதாங்க, தங்கச்சி சொல்றதும் சரிதாங்க. ரெண்டையும் வாங்கிட்டா எனக்கும் சரிதாங்க.”

யாரும் சிரிக்கவில்லை. லூர்து பிலோவைத் தூக்கிப் பிரம்பு சீட்டில் உட்காரவைத்தாள். அது அவளுக்கென்றே பின்னியது போலப் பொருந்தியது. குழந்தை இரண்டு காலையும் ஆட்டிக்கொண்டு லூர்துவைப் பார்த்துச் சிரித்தாள்.

இருதயமேரி சட்டென்று குனிந்து குழந்தையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“உனக்கு ரெண்டும் பையனுங்க. வீட்டுக்காரர் பார்ல ஏத்திக்கிட்டுப் போயிடறாரு. பொம்பளப் பிள்ளை வளக்கிறதைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?”

லூர்து மேலே வரிசையாகத் தொங்கிய டியூப்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அக்காவுக்கு உத்தியோகம் இருக்கிறது, சொந்தமாக சைக்கிள் இருக்கிறது. அதெல்லாம் ஒருநாளும் இவளை உறுத்தியதில்லை. அந்தக் கழுத்தைச் சுற்றிக் கிடந்த சின்னக் கைகள்தான் உறுத்தின. பிலோ சங்கிலியில் தொங்கிய சிலுவையை வாயில் போட்டுக் கடித்துக்கொண்டிருந்தாள். சித்தி கூப்பிட்டதும் முகத்தை அம்மாவின் தோளில் புதைத்துக்கொண்டாள்.

இதற்குப் பொறாமை என்று பெயர் என்பது லூர்துவுக்குத் தெரியும். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லியும் ஆயிற்று. அவர் ஜெபமாலை சொல்லச் சொன்னார். சொல்லி முடித்து எழுந்திருக்கும்போது, அது அப்படியேதான் இருந்தது.

அக்கா பின் சீட்டையே எடுத்தாள். கலீல் அதைக் கேரியரில் முடுக்கி, ஆட்டிப் பார்த்து, குழந்தையை உட்காரவைத்து வாரைப் பூட்டினார். வீடு வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று இருதயமேரி ஏறி மெதுவாக மிதித்தாள். லூர்து கூடவே வேகமாக நடந்தாள்.

தெருமுனை திரும்புவதற்குள் பிலோவின் தலை சாயத் தொடங்கியது. முதலில் இந்தப் பக்கம், அப்புறம் அந்தப் பக்கம். லூர்து ஓடிப்போய் அந்தத் தலையை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டாள். வியர்வையில் முடி நனைந்திருந்தது. கையை எடுக்க மனமில்லாமல் அப்படியே கூட ஓடினாள். நாளைக்கு இந்தத் தலையை யார் தாங்குவது என்று நினைத்ததும் அவளால் பொறுக்க முடியவில்லை.

“அக்கா, நிறுத்து. திரும்பிப் பாரு, தூங்கிட்டா.”

இருதயமேரி ஒரு காலை ஊன்றி நின்றாள். ஆனால் திரும்பவில்லை.

“நான் ஒண்ணும் உரிமை கொண்டாட வரலைக்கா” என்றாள் லூர்து. மூச்சு வாங்கியது. “சீட்டை மட்டும் மாத்திடு. முன்னால வைக்கிறதுல உனக்கு என்ன கஷ்டம்?”

அக்கா மணியின் மேல் விரலை வைத்தாள். அடிக்கவில்லை. அவள் பேசியபோது, கடையில் கேட்ட டீச்சர் குரல் அதில் இல்லை.

“முன்னால வச்சா, வழி முழுக்க நான் அவ முகத்துல அவளைப் பெத்த உன் முகத்தைத்தான் பார்த்துக்கிட்டுப் போகணும், லூர்து.”