ஆளுக்கு ஒரு ஃபைல்

"ஏன்யா, இந்தப் பெட்டியைக் கொண்டு வந்தவன் நீதானே?"

தலைமை குமாஸ்தா பூமிநாதன் கேட்ட தோரணையிலேயே வாட்ச்மேன் மலையாண்டி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"ஆமா சார். மணலுக்குள்ள பொதைஞ்சு கெடந்துச்சு. நாந்தேன் தோண்டி எடுத்தேன்."

போன மார்கழிப் புயலில் தனுஷ்கோடி ஆபீஸ் கடலோடு போனது. ஊழியர்களின் ஃபைலும் போனது என்று, அவரவர் வாயால் சொல்லச் சொல்லி ராமநாதபுரத்தில் புது ஃபைல் போட்டார்கள். ஆறு மாதம் கழித்துப் பழைய ஃபைல் பெட்டி கிடைத்துத் தொலைத்தது. ஆளுக்கு இரண்டு ஃபைல்!

ஒப்பிட்டு ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கொளுத்து என்று மேலிடத்து உத்தரவு. கூடவே இன்னொன்று: தண்டனை வாங்கியவர்களுக்கு இனி வேலை கிடையாது.

புது ஃபைலில் எல்லோரும் உத்தமர்கள். வண்டவாளமெல்லாம் பழைய ஃபைலில். மலையாண்டியுடையது மட்டும் தலைகீழ்.

"ஐம்பத்தெட்டுல பத்து நாள் சஸ்பெண்டுன்னு புதுசுல நீயே சொல்லியிருக்க. பழசுல அப்படி ஒரு உத்தரவே இல்லை. வேலை போயிரும்னு தெரிஞ்சதும் தாளை உருவிட்டியா?"

"சத்தியமா இல்ல சார். எழுதப் படிக்கத் தெரியாத பய, எந்தத் தாளுன்னு உருவுவேன்?"

"எதுக்கு சஸ்பெண்டு?"

"பொஞ்சாதிக்கு அவ தாய்வீட்டுல, சிக்கல் ஊருல, தலைப்பிரசவம். சேதி வந்ததும் சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டேன். ரெண்டு நாள் கழிச்சு வந்தா, வாவு முகம்மது ஆபீசர் மொகத்துல எள்ளும் கொள்ளும் வெடிக்குது. 'பத்து நாள் சஸ்பெண்டு. ரேகையை வச்சுட்டு வீட்டைப் பாத்துப் போ'ன்னுட்டாரு. சம்பளமும் போச்சு. கல்நெஞ்சுக்காரரு சார். அதுக்கப்பறம் அவருகூட நான் மொகம் குடுத்துப் பேசுனதே இல்ல."

பூமிநாதன் நம்பவில்லை. பழைய ஃபைலைப் புரட்டினார். சிவப்பு மையில் பக்க எண்கள். ஒன்று முதல் பதினான்கு வரை ஒன்றுகூடக் குறையவில்லை.

ஒன்பதாம் பக்கத்தில் கை நின்றது. அடியில் மலையாண்டியின் கட்டைவிரல் ரேகை. எழுத்து வாவு முகம்மதுவுடையது. அந்தக் கோழிக்கிறுக்கல் பூமிநாதனுக்கு அத்துப்படி.

இரண்டு முறை படித்தார். குரல் இறங்கிவிட்டது.

"மலையாண்டி, நீ ரேகை வச்சது தண்டனை உத்தரவு இல்லைய்யா. லீவு லெட்டர். 'மனைவியின் பிரசவத்துக்காகப் பன்னிரண்டு நாள் சம்பளமில்லாத விடுப்பு வேண்டும்'னு, நீ ஓடிப்போனதுக்கு முந்தின நாள் தேதி போட்டு அவரே எழுதி, அவரே அனுமதிச்சிருக்காரு."

மலையாண்டி எட்டித் தாளின் அடியில் இருந்த தன் ரேகையைப் பார்த்தான்.

"வையிறதையும் வஞ்சுட்டு, உன் வேலையையும் காப்பாத்திட்டுப் போயிருக்காரு மனுசன்."

பூமிநாதன் புது ஃபைலை எரிக்க வைத்திருந்த கட்டோடு சேர்த்தார். "போய்யா, உனக்கு ஒரு கொறையும் வராது."

மலையாண்டி நகரவில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான்.

"ரெண்டு வருசத்துக்கு முந்தி அவரு மவுத்தாகி அடக்கம் பண்ணுனப்ப, ஆபீசே கீழக்கரைக்குப் போச்சு சார். நான் ஒருத்தன்தான் போகல."