சனிக் கிரகத்துக்காரர்

"சார், இந்த சீரியல்ல நடிச்சப்போ உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச தருணம் எது?" என்று பேட்டி எடுக்க வந்த பெண் கேட்டாள். சனிக் கிரகத்திலிருந்து விண்கலத்தில் வந்திறங்கிய வேற்றுலகவாசியாக மூன்று வருடம் நடித்த குணாளன் யோசித்தார். முதல் பகுதி ஒளிபரப்பான மறுநாளிலிருந்தே தெருவில் யாரும் அவருக்கு எதிரே நிற்பதில்லை. காய்கறிக்காரர்கூட ஒருக்களித்து நின்றுதான் தக்காளி நிறுத்தார். சனிக்கிழமை காலையில் கதவைத் திறந்தால் வாசலில் எள் தீபங்கள் எரிந்துகொண்டிருக்கும். ஒருநாள் வீட்டுக்காரர் வந்து, சுவரைப் பார்த்தபடி, "நம்ம வீட்ல இன்னும் எத்தனை வருஷம் சார் இருப்பீங்க?" என்று கேட்டார். "ஒரு ஏழெட்டு வருஷம்..." என்று இவர் இழுப்பதற்குள், "ஏழரைன்னே சொல்லிடுங்க சார்" என்று அழுதுவிட்டார்.

"கண் ஆஸ்பத்திரிக்குப் போனதுதாம்மா," என்றார் குணாளன் கடைசியில். "அந்த டாக்டரம்மா சீரியலே பாக்கறதில்லையாம். என் தாடையைப் பிடிச்சு நேரா நிறுத்தி, பத்து நிமிஷம் என் கண்ணையே பாத்தாங்க. மூணு வருஷத்துல என்னை அப்படிப் பாத்தது அவங்க ஒருத்தர்தான்." அந்தப் பெண்ணுக்கு மனம் இளகிவிட்டது. வந்ததிலிருந்து சாய்வாகவே போட்டிருந்த நாற்காலியை அவருக்கு நேராகத் திருப்ப எழுந்தாள். அப்போதுதான் ஜன்னலுக்கு வெளியே அவருடைய ஸ்கூட்டர் தெரிந்தது. அதன் சீட்டில் ஒரு காகம், அவர் எப்போது கிளம்புவார் என்பதுபோல வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.