பதிமூன்றாவது கல்

"கையெழுத்தெல்லாம் போட மாட்டேன் அம்மணி. நாளைக்கு ஞாயித்துக்கெழமை, விடியால சத்தியமங்கலம் போறோம்," என்றார் திருமூர்த்தி.

"ஏனுங்க, டாக்டர் சொன்னது காதுல உழுந்துச்சுங்களா இல்லீங்களா?" ஒப்புதல் படிவத்தை நீட்டியபடியே நின்றாள் மனைவி பிரவீனா.

மூன்று வாரத்துக்கு முன்னால், இதே பீளமேட்டு ஆஸ்பத்திரியில்தான் அவருடைய பித்தப்பையை எடுத்தார்கள். உள்ளே இருந்த பன்னிரண்டு கற்களையும் ஒரு குப்பியில் போட்டுக் கொடுத்தார்கள். பார்க்க வந்த சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் அவர் அதைக் குலுக்கிக் காட்டினார். பதிமூன்றாவது கல் ஒன்று பித்தக்குழாயில் இறங்கியது அப்போது யாருக்கும் தெரியாது. இப்போது கண் மஞ்சள், உடம்பெல்லாம் அரிப்பு. வாய் வழியாகக் குழாய் விட்டு எடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் சீழ் பிடித்து உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

குழாய் என்றதுமே திருமூர்த்திக்குப் பயம் வந்துவிட்டது. அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு சத்தியமங்கலத்துப் பச்சிலை வைத்தியத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அங்க காமாலைக்கு மருந்து குடுக்கறாருங்க ஒருத்தர். மூணே ஞாயித்துக்கெழமை, கண்ணு பளிச்சுன்னு ஆயிருமுங்க," என்றார் பக்கத்துக் கட்டில்காரரிடம். அவருக்கும் கண் மஞ்சள்தான்.

"மோர்ல கலக்கிக் குடுக்கறதுங்க. உப்பு ஆகாது," என்றார் அவர்.

"அட, உங்களுக்கும் தெரியுமுங்களா?"

"முப்பது வருசமா ஒரு ஞாயித்துக்கெழமை தவறுனதில்லீங்க."

"அப்புறம் ஏனுங்க இங்க வந்து படுத்திருக்கறீங்க?"

"எனக்கும் குழாய்ல கல்லுங்க. பச்சிலைக்குக் கல்லு நகருமுங்களா?"

திருமூர்த்தி அசரவில்லை. "பத்தியம் தப்பியிருப்பீங்க. அவரு கைராசிக்காரருங்க. நாங்க எதுக்கும் ஒரு எட்டுப் போயிப் பாத்துப்போட்டு வாரோம்."

"நாளைக்கு அந்த ஊடு பூட்டியிருக்குமுங்க."

"அது எப்படிங்க உங்களுக்குத் தெரியும்?"

அதற்குள் தள்ளுவண்டியோடு நர்ஸ் வந்துவிட்டாள். "அரங்கசாமி ஐயா, உள்ள கூப்பிடறாங்க. ஒடம்புல இரும்பு எதுவும் இருக்கக் கூடாதுங்க."

பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து, அரைஞாண் கயிற்றிலிருந்து ஒரு நீளச் சாவியை அவிழ்த்துத் திருமூர்த்தியின் கையில் வைத்தார்.

"தெறந்துக்குங்க. மருந்து ரெண்டாவது அலமாரில இருக்குதுங்க. கலக்கிக் குடுக்கத்தான் நாளைக்கு நான் அங்க இருக்க மாட்டேன்."

திருமூர்த்தி மனைவியிடம் பேனாவைக் கேட்டார்.