ஆக்சுவலி சொல்லாத மாப்பிள்ளை

சமோசாத் தட்டை நீட்டியபடியே விசாலாக்ஷி மாப்பிள்ளைப் பையனின் வாயை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் எப்படித் தின்கிறான் என்பதில் அவளுக்குக் கவலையில்லை. அந்த வாயிலிருந்து ‘ஆக்சுவலி’ வருகிறதா என்பதுதான் கவலை.

இங்கிலீஷ்காரன் அந்த வார்த்தையை எதற்குக் கண்டுபிடித்தானோ, டெல்லியில் அது பொய்க்குப் போடும் பிள்ளையார் சுழி. இருபத்தெட்டு வருஷம் ராமமூர்த்தியோடு குடித்தனம் நடத்தி அவள் கண்டறிந்த உண்மை இது. “ஆக்சுவலி, ஆபீஸ்ல மீட்டிங்” என்று அவர் சொன்ன அன்றெல்லாம் சட்டைப்பையில் சினிமா டிக்கெட் இருக்கும்.

மகள் ஜ்யோத்ஸ்னாவுக்கு வந்த மூன்று வரன்களை இந்த ஒரு வார்த்தைக்காகவே விரட்டியாயிற்று. “ஆக்சுவலி, நான் முட்டைகூடத் தொடமாட்டேன்” என்றவனை மறுவாரமே கரோல் பாக்கில் கோழிக்காலும் கையுமாகப் பிடித்தாள். இந்த மாதவ் நாலாவது, ஜ்யோத்ஸ்னாவின் சிநேகிதி வீட்டு மூலமாக வந்தவன். இதுவும் தட்டிப்போனால் சந்நியாசம் வாங்கிக்கொள்வதாக ராமமூர்த்தி சொல்லியிருந்தார்.

“சொந்த வீடு உண்டோ?” என்று கேட்டார் அவர்.

“இல்ல மாமா, வாடகைதான். ஸ்கூட்டரும் செகண்ட் ஹாண்ட். போனுக்கு இப்பத்தான் எழுதிப் போட்டிருக்கு.”

விசாலாக்ஷிக்குப் புல்லரித்தது. “சிகரெட் கிகரெட்?” என்று அவளே கேட்டாள்.

“ஆக்...” என்று ஆரம்பித்தவனுக்குச் சட்டென்று இருமல் வந்துவிட்டது. கூப்பிடாமலே ஜ்யோத்ஸ்னா தண்ணீர் டம்ளரோடு வந்து நின்றாள்.

ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னான்: “எப்பவாவது ஒண்ணு, மாமி. விட்டுடறேன்.”

சிகரெட் பிடிப்பேன் என்று மாப்பிள்ளை சொன்னதைக் கேட்டு உச்சி குளிர்ந்த மாமியார் உலகத்திலேயே அவள் ஒருத்திதான். “பொய் சொல்லத் தெரியாத குழந்தை! ஏன்னா, தட்டை மாத்திண்டுடலாம்” என்றாள். அரை மணியில் தாம்பூலமும் மாற்றி, சம்பந்திகள் ஆட்டோவும் ஏறிவிட்டார்கள்.

சமையலறையில் மகளுக்கு நெட்டி முறித்துத் திருஷ்டி கழித்தாள். “ஏண்டி, இந்த டெல்லிக்குள்ளேயே இருந்திருக்கான். இப்பேர்ப்பட்ட பிள்ளை இத்தனை நாள் உன் கண்ணுல படவேயில்லையா?”

ஜ்யோத்ஸ்னா நிமிராமல் டம்ளரைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்:

“ஆக்சுவலி... இன்னிக்குத்தாம்மா முதல் தடவையா பாக்கறேன்.”