ஆற்றுக்கு அந்தப் பக்கம்

ஜேர்மனியின் மோசல் ஆற்றின் இரு கரையும் திராட்சைத் தோட்டம். வாடகைக்கு எடுத்த கேம்பர் வண்டியைப் பாலத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டார் மரியதாஸ்.

"இஞ்சாருங்கோ, அக்கரைக்கு விடுங்கோவன்," என்றாள் மனைவி புளோரா.

"ஏலாதப்பா. பாலம் ஒடுக்கம்."

"லொறியே போகுது! சரியான பயந்தாங்கொள்ளி."

அவள் இறங்கி விறுவிறுவென்று பாலத்தால் நடந்து, அக்கரையில் நின்று கையசைத்தாள்.

பாவம், மனுசனுக்குக் கண் கலங்கிவிட்டது. இருபது வருடங்களுக்கு முன் அவளுடைய அகதி முகாம் அங்கே, அவருடையது இங்கே. அகதிகள் மாவட்டம் தாண்டக் கூடாது, ஆறுதான் எல்லை. ஒருமுறை அவளைப் பார்க்கத் தாண்டப் போன மரியதாஸைப் பாலத்தில் வைத்தே பொலிஸ் பிடித்தது. பிறகு ஞாயிறுதோறும் கையசைத்தே காதலித்தார்கள்.

கைபேசி அடித்தது.

"என்னப்பா, இண்டைக்கும் கையைக் காட்டிப்போட்டுப் போற எண்ணமோ?"

மரியதாஸ் சட்டைப் பையிலிருந்த ஜேர்மன் பாஸ்போர்ட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, வண்டியைக் கிளப்பினார்.