ஜெனீவாவும் முள்வேலியும்

"மருந்துக்குக்கூட வழி விடாத மனுசனாப்பா நீ?"

பரிசுக் கோப்பையை மேசையில் டொக்கென்று வைத்துவிட்டு அப்பாவைப் பிடித்துக்கொண்டாள் கலைப்பிரியா. விழுப்புரத்தில் சட்டம் படிக்கிறாள். விவாதப் போட்டியில் ஜெயித்த கையோடு, திண்டிவனத்தில் பஸ் மாறிப் பெருமுக்கல் வந்து சேர்ந்தவளுக்கு, சித்தப்பா வீட்டுப் பாதையை அடைத்திருந்த முள்வேலிதான் முதலில் கண்ணில் பட்டது.

அப்பா கண்ணையனுக்கும் சித்தப்பா சுப்பராயலுவுக்கும் வரப்புத் தகராறு. பேச்சு நின்ற கையோடு பாதையும் நின்றுவிட்டது.

"வீடு வீடா மாத்திரை குடுக்கற சவுரியம்மாள் அக்கா வண்டி எப்படிப்பா போகும்? சித்தப்பாவுக்கு சுகர் இருக்கில்ல?"

"அவன் சுகரு எனக்கு இன்னாத்துக்கு?" கண்ணையன் இடுப்பு மடியை இறுக்கிக்கொண்டார்.

"ஜெனீவா ஒப்பந்தம்னு ஒண்ணு இருக்குப்பா. நாடும் நாடும் குண்டு போட்டுக்கினு இருந்தாலும், எதிரி ஜனங்களுக்கு மருந்து போனா வழி விட்டே ஆகணும். அதைப் பேசித்தான் இந்தக் கப்பு வாங்கினேன்!"

"ரொம்ப சந்தோசம். இரு, வேலியாண்ட போய் அவனை ரெண்டு வார்த்தை திட்டிட்டு வந்துடறேன்."

கலைப்பிரியாவுக்கு வந்ததே கோபம். "நீ வாயத் தொறந்தே, நான் அடுத்த பஸ்ஸ புடிச்சிப் போய்க்கினே இருப்பேன்!"

"தெனமுமா திட்டறேன்? மாசத்துக்கு ஒரு வாட்டிதாம்மா..."

"அந்த ஒரு வாட்டியும் வேணாம்!"

வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். கண்ணையன் எழுந்தபோதெல்லாம் முறைத்து உட்கார வைத்தாள். பஞ்சாயத்தார் வந்தும் அடங்காத சண்டையை ஒரே மதியத்தில் அடக்கிவிட்டோம் என்று அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

பொழுது சாய்ந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் சித்தி பாஞ்சாலியின் குரல் கேட்டது. சண்டைக்காரர் வீட்டில் நேராகப் பேச முடியுமா? தன் ஆட்டிடம் பேசினாள்.

"ஏண்டி கறுப்பி, பெரியவருக்கு இன்னிக்குத் தொண்டை கட்டிக்கிச்சா? சவுரியம்மாள் அவராண்ட குடுத்துட்டுப் போற மாத்திரைய முள்ளுல மாட்டிட்டு ஒரு கொரல் திட்டுவாரே, நாமளும் போய் எடுத்தாருவோமே! இன்னும் சத்தத்தையே காணோம். இங்க இவரு மாத்திரை தீந்துபோயி, தலைய சுத்துதுன்னு படுத்துக்கினு இருக்காரு..."

கலைப்பிரியா மெல்லத் திரும்பினாள். அப்பாவின் மடியில் மாத்திரைப் பொட்டலம் துருத்திக்கொண்டிருந்தது. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"அப்பா, ஜல்தி வந்து திட்டுப்பா!"